நீங்கள் அழிக்காமல் விட்ட மரம்

என் திலகா அக்காவுக்கு,

மத்தியான மழை இப்போதுதான் விட்டது. ஜெலுத்தோங் பாசார் பக்கமிருந்து ஈரக் காற்று வருகிறது. கூரை ஓட்டையை இன்னும் யாரும் அடைக்கவில்லை. தண்ணீர் அதே பிஸ்கட் டின்னில்தான் சொட்டுகிறது. நீங்கள் இருந்தால் இந்நேரம் ரேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருப்பீர்கள். புது டிரைவர்கள் நீங்கள் தூங்குவதாக நினைப்பார்கள். தூக்கமாவது மண்ணாவது. எந்த வண்டி எந்த வளைவில் வந்துகொண்டிருக்கிறது என்று உள்ளுக்குள் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

தை வந்தால் நீங்கள் போய் ஒரு வருஷம். நம் ஆம்புலன்ஸ் சேவையின் புதுக் கட்டடத் திறப்பு விழாவும் அதே மாதம்தான். விழா மலரில் உங்களுக்கென்று இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். "மணியம், நீங்கதான் எழுதணும், கூடவே இருந்தவரு நீங்கதானே" என்று கமிட்டியில் சொல்லிவிட்டார்கள். எனக்கு அஞ்சலி எழுதத் தெரியுமா? ஸ்டியரிங் பிடித்த கை இது. அதனால் கடிதமாக எழுதுகிறேன். இரண்டு பக்கத்துக்குள் நிற்குமா என்று தெரியவில்லை.

உங்களை அறியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காக உங்கள் கதையையே உங்களிடம் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. "எனக்கே கதை சொல்றியா நீ" என்று சிரிக்காதீர்கள்.

எழுபதுகளில் இந்தத் தீவில் நாம் தொடங்கியபோது இருந்தவை இரண்டு பழைய வேன், ஒரு டெலிபோன், ஒரு ரேடியோ பெட்டி. நடத்தியவர்கள் மூன்று பேர். இராணுவத்தில் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்ற என்சிக் ஹம்சா தலைவர். அழைப்பை வாங்கி வண்டியை அனுப்பும் கட்டுப்பாட்டு அறை உங்கள் பொறுப்பு. டிரைவர்கள் என் பொறுப்பு. மூவரில் நான் வயதில் சின்னவன், வாயில் பெரியவன். ஹம்சா பேசவே மாட்டார். நாம் இருவரும் சண்டை போட்டு முடித்த பிறகு, மலாயில் ஒரே ஒரு வாக்கியம் சொல்வார். அதுதான் முடிவு.

ஆம்புலன்ஸ் சேவையை நடத்திய உங்களுக்கு வண்டியில் போவதென்றால் ஆகாது. பட்டணத்துக்குள் சமாளித்துவிடுவீர்கள். தீவின் மேற்கே பாலிக் புலாவ் போகும் மலை வளைவு ஆரம்பித்தாலே போதும், குமட்டல் வந்துவிடும். பதினெட்டு வயதில் அந்த ஊரை விட்டு, கையில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே அந்த மலையை இறங்கி வந்ததோடு சரி, மறுபடி ஏறவே இல்லை. "ஆம்புலன்ஸ்ல ஏற மாட்டேங்குற ஆளு ஆம்புலன்ஸ அனுப்புது லா" என்று டிரைவர் லிம் கேலி செய்வான். அவனுக்கும் சேர்த்துத்தான் கோப்பி வாங்கி வைப்பீர்கள்.

வண்டி ஏறாத நீங்கள்தான் தீவு முழுவதையும் வரைந்தீர்கள்.

சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும் அந்த மேப்பு. பழைய காலண்டர் தாள்களைத் திருப்பிப் பலகையில் ஒட்டி, எல்லாவற்றையும் பென்சிலால் வரைந்திருந்தீர்கள். கடலை மட்டும் மையால். கம்பத்து வீடுகளுக்கு, அதாவது கிராமத்து வீடுகளுக்கு, அப்போது எண் இருந்ததா? இருந்தாலும் யாருக்குத் தெரியும்? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் விழுந்து கிடக்கும்போது, கடைக்கு ஓடி வந்து போன் செய்கிறவர் லாட் நம்பரா சொல்வார்? "ஊஞ்சல் கட்டின ரம்புத்தான் மரம்" என்பார். "பச்சைத் தண்ணித் தொட்டி" என்பார். "நாய் கடிக்கும், பாத்து வாங்க" என்பார். அதெல்லாம்தான் நம் மேப்பு. கடிக்கிற நாயை நீங்கள் பல்லோடு வரைந்திருந்தீர்கள்.

வண்டி திரும்பி வந்ததும், பதிவுப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே நீங்கள் கேட்பது ஒன்றுதான். "என்ன மாறியிருக்கு?" கேட்டை நீலமாக்கியிருப்பார்கள். நாய் செத்திருக்கும். ஒரு வேலி நகர்ந்திருக்கும். டிரைவர் சொல்லச் சொல்ல, பழையதை ரப்பரால் அழித்துப் புதியதை வரைவீர்கள். பக்கத்தில் சொன்னவருடைய முதல் எழுத்தைப் பொடியாகப் போடுவீர்கள். நான் சொன்னதென்றால் 'ம'. டிரைவர் யூசுப் பாய் சொன்னதென்றால் 'யூ'. "பொய்யாப் போச்சுன்னா யாரப் புடிக்கிறதுன்னு தெரியணும்ல" என்பீர்கள். எல்லாரும் சிரிப்போம்.

வெள்ளிக்கிழமை காலையில் நம் மூவருடைய கூட்டமும் அந்தக் கேள்வியோடுதான் ஆரம்பிக்கும். பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கி வந்த கோப்பியைக் குவளைகளில் ஊற்றிவிட்டு, மேப்பைப் பார்த்து மூன்று நாற்காலி. டயர், ஆக்சிஜன், விடுப்பு எல்லாம் அப்புறம். முதலில் என்ன மாறியிருக்கிறது என்பது.

எனக்குப் பிடித்தது வேறொன்று, அக்கா. ஆஸ்பத்திரியிலிருந்து குணமானவரை பாலிக் புலாவில் வீட்டில் விட்டுவிட்டு, வெறும் வண்டியோடு நான் திரும்பும் பின்மத்தியானங்கள். மழை மேகம் மலைமேல் உட்கார்ந்திருக்கும். ரேடியோவில் உங்கள் குரல் வரும்.

"மணியம், இப்ப எங்க?"

"ஆத்துப் பாலம் தாண்டிட்டேன் அக்கா. ரோட்டோரமா பாயில கிராம்பு காயப் போட்டிருக்காங்க."

"வாசன வருதா?"

"வருது."

"ஜன்னல நல்லா எறக்கிக்கோ."

அப்புறம் ஜன்னலை முழுக்க இறக்கிவிட்டு ஓட்டுவேன். ரேடியோ மட்டும் லேசாக இரைந்துகொண்டிருக்கும். வாசனை கம்பியில்லாமல் உங்களிடம் போய்ச் சேர்ந்துவிடும் என்றே நான் நம்பினேன். கடைசியில் "கவனமா வாங்கோ" என்று முடிப்பீர்கள். எங்களோடு எங்கள் தமிழ் பேசினாலும், அந்த ஒரு வார்த்தையில் மட்டும் உங்கள் வீட்டு யாழ்ப்பாணம் வந்து நிற்கும். லிம்முக்கும் அதையே சொல்வீர்கள். அவனும் பதிலுக்கு "வாங்கோ, வாங்கோ" என்பான்.

இனி அந்த ஜாதிக்காய் மரம். இதுவரை சுற்றி வளைத்ததெல்லாம் இதற்குள் வராமல் தப்பிக்கத்தான் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

உங்கள் அப்பா பாலிக் புலாவில் ஒரு சின்ன மருந்தகத்தில், காயத்துக்கு மருந்து வைத்துக் கட்டுப் போடும் டிரஸ்ஸராக இருந்தார். மருந்தகத்துக்கு எதிரே அந்த மரம். மருந்தகம் போய்விட்டது, குடியிருந்த குவார்ட்டர்ஸ் போய்விட்டது, மரம் மட்டும் நின்றது. காலண்டர் தாளில் நீங்கள் முதன்முதலாக வரைந்தது அதைத்தான். "இதான் நம்ம மேப்புக்குப் பிள்ளையார் சுழி" என்பீர்கள். அந்தப் பக்கத்து வழியெல்லாம் அதிலிருந்துதான் தொடங்கும். ஜாதிக்காய் மரத்துக்கு இடது, ஜாதிக்காய் மரம் தாண்டி இரண்டாவது சந்து, இப்படி.

தீவை அக்கரையோடு இணைக்கும் கடல் பாலம் திறந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். உங்கள் அப்பா காலமாகி, முப்பத்தோராம் நாள் காரியம் முடித்து, நீங்கள் வேலைக்குத் திரும்பிய அன்று. நான் பாலிக் புலாவ் போயிருந்தேன். மரம் இல்லை. அடியோடு அறுத்து, கிளைகளை லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வெட்டுப்பட்ட இடம் ஈரமாக இருந்தது. வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தால் நீங்கள் வெளிர்நிறப் புடவையில், முகம் வற்றிப்போய், பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருக்கிறீர்கள். "என்ன மாறியிருக்கு?" என்றீர்கள். அப்பாவும் போய், அப்பாவின் வாசலில் நின்ற மரமும் போய்விட்டதென்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? "ஒண்ணும் மாறல அக்கா" என்றேன். இன்றைக்கு வேண்டாம், அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சத்தியமாக அதற்கு மேல் எதுவும் நினைக்கவில்லை.

அடுத்த வாரம் வந்தது. முதல் வாரம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்களே என்று தோன்றியது. அதற்கடுத்த வாரம் இன்னும் கஷ்டமாகிவிட்டது. அப்புறம் நான் செய்த காரியம் இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. வேறு யாராவது போய்ப் பார்த்துச் சொல்லிவிடக் கூடாதென்று, பாலிக் புலாவ் அழைப்பையெல்லாம் நானே வாங்கிக்கொண்டேன். "மணியத்துக்கு அந்தப் பக்கம் யாரோ பொண்ணு இருக்கு" என்று லிம் ஊரெல்லாம் சொன்னான். சிரித்துச் சமாளித்தேன். எனக்குத்தான் வழி தெரியுமே, மரம் எதற்கு? நான்கு மாதம் இப்படியே ஓடியது.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் பாலத்துக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தில் ஒரு நோயாளியோடு மாட்டிக்கொண்டிருந்தேன். மத்தியானம் மூன்று மணி, நல்ல மழை. பாலிக் புலாவ் மளிகைக் கடையிலிருந்து அழைப்பு. பழத்தோட்டத்துக் காவல்காரர் வீராசாமிக்கு நெஞ்சுவலி. நீங்கள் யூசுப் பாயை அனுப்பினீர்கள். அவருக்கு அந்தப் பக்கம் பழக்கமில்லை. ரேடியோவில் நீங்கள் வழி சொன்னீர்கள்: "ஜாதிக்காய் மரத்துல எடது பக்கம் திரும்புங்க பாய், பெரிய மரம், தப்பவே தப்பாது."

அவர் மழையில் மரத்தைத் தேடிக்கொண்டே கடல் தெரியும் வரை போய்விட்டார். திரும்பினார். மறுபடி தேடினார். கடைசியில் கடையில் இறங்கி ஆளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது இருபது நிமிஷம் வீணாகியிருந்தது. மலை வளைவில் வரும்போதே வீராசாமியின் உயிர் போய்விட்டது. "சீக்கிரம் வந்திருந்தா பொழச்சிருக்கலாம், பொழைக்காமயும் போயிருக்கலாம்" என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னார்கள். அந்த வாக்கியத்தின் எந்தப் பாதியில் நான் படுத்துத் தூங்குவது, சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. மூன்று நாற்காலி, மூன்று கோப்பி. யாரும் தொடவில்லை. நீங்கள் மேப்பைப் பார்க்காமல் என்னைப் பார்த்தீர்கள்.

"மணியம், நீ கடைசியா அந்தப் பக்கம் போனது எப்ப?"

"மூணு வாரத்துக்கு முன்ன அக்கா."

"அப்ப மரம் இருந்துச்சா?"

ஹம்சா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். மனசு ஒன்று நினைக்கும் முன்னால் வாய் முந்திக்கொண்டது. "இருந்துச்சு அக்கா."

டின்னில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு ஹம்சாவிடம் திரும்பி, "மரம் இந்த மூணு வாரத்துக்குள்ள விழுந்திருக்கு. ஒரே ஒரு அடையாளத்த நம்பி வண்டிய அனுப்பினது என்ட பிழை" என்றீர்கள். "என்ட" என்று உங்கள் வீட்டுத் தமிழ் வந்துவிட்டது. வாயைத் திறந்தேனா? இல்லை. கோப்பியை எடுத்துக் குடித்தேன்.

அன்றைக்கே கட்டுப்பாட்டு அறையை விட்டு இறங்கிவிட்டீர்கள். யாரும் போகச் சொல்லவில்லை. ஹம்சா இரண்டு முறை வந்து கேட்டுக்கொண்டும் நீங்கள் கேட்கவில்லை. பின்னால் ஸ்டோர் அறையில் கட்டுத்துணியும் பஞ்சும் அடுக்கிக்கொண்டு மீதி வருஷங்களைக் கழித்தீர்கள். கம்பத்து வீடுகளுக்கெல்லாம் லாட் நம்பர் போட்டு, தட்டச்சு செய்த பட்டியல் வந்தது. மேப்பைக் கழற்ற யாருக்கும் மனசு வரவில்லை, அது பாட்டுக்குச் சுவரில் இருந்தது. நான் அதன் மேற்கு மூலையைப் பார்ப்பதே இல்லை. டிரைவர்களின் தலைவன், தினமும் அதன் முன்னால் நிற்கிறவன், ஒரு சாண் இடத்தை மட்டும் பார்க்காமலே வருஷக்கணக்காக ஓட்டியிருக்கிறேன்.

ஹம்சா ஓய்வு பெறும்போது அடுத்து யாரென்று உங்களைத்தான் கேட்டார்கள். "மணியம்தான்" என்றீர்களாம். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாள், எல்லாரும் கைகுலுக்கிவிட்டுப் போன பிறகு, எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஒரு கனவு எனக்கு அடிக்கடி வரும், அக்கா. நான் வண்டி ஓட்டுகிறேன். ரோடு முழுக்கப் பென்சில் கோடு. மரங்கள், வீடுகள், பாயில் காயும் கிராம்பு எல்லாம் பென்சில். எதற்கும் நிறமில்லை, சத்தமில்லை. தூரத்தில் கடல் மட்டும் மை நிறத்தில் இருக்கிறது. ரேடியோவில் நீங்கள் "என்ன மாறியிருக்கு?" என்கிறீர்கள். நான் பதில் சொல்ல வாயெடுக்கிறேன், முன்னால் ரோடு கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டே வருகிறது. விழித்த பிறகும் கையில் ரப்பர்த் துகள் ஒட்டியிருப்பதுபோலத் தடவிப் பார்ப்பேன்.

வீராசாமியின் மனைவி அஞ்சலையம்மா பாலிக் புலாவ் பாசாரில், சர்க்கரையில் ஊறப்போட்ட ஜாதிக்காய் ஊறல் விற்கிறார். மாதம் ஒருமுறை போய் வாங்குகிறேன். "யாரு திங்கிறது இத்தன ஜாதிக்கா? குளிச்சிக்கலாமா இதுல?" என்று என் வீட்டுக்காரி ஏசுகிறாள். அலமாரி முழுக்கப் போத்தல். ஒருநாள் அந்தம்மா என்னை உற்றுப் பார்த்து, "நீங்க ஆம்புலன்ஸ்காரருதானே?" என்றார். நான் காசை எண்ணிக்கொண்டே தலையாட்டினேன். "அன்னிக்கு அந்த மழையில வந்தீங்களே தம்பி, அதுவே பெருசு. அந்த பாய் நல்லாருக்காரா?" என்று கேட்டுவிட்டு, ஒரு போத்தல் கூடுதலாகப் பையில் போட்டார். நான் அதையும் வாங்கிக்கொண்டு வந்தேன். எப்படிப்பட்ட ஆள் நான், பாருங்கள்.

போன தையில் உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன காலை. வேறு யாரையும் ஓட்ட விடவில்லை, நானேதான் வந்தேன். ஸ்ட்ரெச்சரில் ஏறியதும் "எலுமிச்சம்பழம் இருக்கா?" என்றீர்கள். நல்லவேளை, கொண்டுவந்திருந்தேன். பட்டணத்து ரோடுதான், வளைவே இல்லை. மெதுவாக ஓட்டினேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு பின்னாலிருந்து கேட்டீர்கள்.

"இப்ப எங்க, மணியம்?"

"பாசார் தாண்டிட்டோம் அக்கா."

"என்ன மாறியிருக்கு?"

நான் சொன்னேன். கோப்பிக் கடைக்குப் புதுப் பெயர்ப்பலகை போட்டதைச் சொன்னேன். சைக்கிள் கடை மோட்டார் சைக்கிள் கடையானதைச் சொன்னேன். வேப்பமரத்தடியில் பஸ் நிற்பதில்லை என்பதைச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் "ம்" என்றீர்கள். நான் நிறுத்தியதும் மறுபடி, மெல்ல, "வேற?" என்றீர்கள்.

"அவ்வளவுதான் அக்கா" என்றேன்.

நீங்கள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தீர்கள். நான்காம் நாள் போய்விட்டீர்கள்.

இதோ, போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். புதுக் கட்டடத்துக்குச் சாமான் மாற்றுகிறோம். மேப்பை என்ன செய்வதென்று கேட்டார்கள். லிம்மும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினோம். மேற்குப் பக்கம் என் கைக்கு வந்தது. மூஞ்சிக்கு நேரே. இனிப் பார்க்காமல் எப்படி இருப்பது?

மரம் அங்கேயே இருந்தது, பக்கத்தில் 'ம', "இருந்துச்சு" என்று நான் சொன்னதற்கு. அதை ஒட்டி, பொடியாக, ஓர் அடிமரக் கட்டை. கட்டையிலிருந்து மேலே கிளம்பும் தளிர்கள். தளிர்களுக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு "முழங்கால் உயரம்" என்று உங்கள் எழுத்து. அதன் கீழே யூ.

பலகையைக் கீழே வைத்துவிட்டு நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். "இடுப்பு புடிச்சிக்கிச்சா லா?" என்றான் லிம். மூன்று வாரத்துக்குள் வெட்டிய மரத்தில் முழங்கால் உயரத்துக்குத் தளிர் வருமா? ஜாதிக்காய் மரத்தைப் பார்த்து வளர்ந்த உங்களுக்குத் தெரியாதா அது?

யூசுப் பாய் இப்போது கூலிமில் மகன் வீட்டில் இருக்கிறார். போன் செய்தேன். "சொன்னேனே தம்பி. வண்டிய விட்டு எறங்குன கையோட அக்காகிட்ட சொல்லிட்டேன், மரம் வெட்டி ரொம்ப நாளாச்சு, தளிரு முழங்கால் வரைக்கும் வந்திருச்சுன்னு. 'இத நீங்க வேற யாருக்கும் சொல்ல வேணாம் பாய், நான் கேட்டுக்கிறேன்'னு சொன்னாங்க" என்றார். அது செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை என்னிடம் கேட்கும்போதே உங்களுக்குத் தெரியும்.

எனக்குக் கோபம் வந்தது, அக்கா. மறைக்க மாட்டேன். செத்துப்போனவர் மேல் கோபப்படலாமா என்று பார்க்காமல் இரண்டு நாள் உங்கள் மேல் கோபமாகவே இருந்தேன். ஏன் என்னை அங்கேயே பிடித்து உலுக்கவில்லை? ஹம்சா முன்னால் என் பொய்க்கு நீங்கள் எதற்கு ஒரு பொய் சொன்னீர்கள்? வாழ்நாள் முழுக்கப் பொய்யே சொல்லாத மனுஷி, சொன்ன ஒரு பொய்யும் எனக்காகவா? எனக்குச் சம்பள வேலை, வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள் என்று பார்த்தீர்களா? இல்லை, உங்கள் முகத்துக்காகத்தான் நான் மறைத்தேன் என்று கண்டுபிடித்து, அதில் பாதியை உங்கள் கணக்கில் எழுதிக்கொண்டீர்களா? பஞ்சு மூட்டைகளுக்கு நடுவில் அத்தனை வருஷம் உட்கார்ந்து என்ன நினைத்தீர்கள்? ஒரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே.

மூன்றாம் நாள் காலையில் வண்டி துடைத்துக்கொண்டிருக்கும்போது தோன்றியது. கேட்டீர்கள். ஸ்டோருக்குப் போன பிறகும், நான் எங்கே போய்விட்டு வந்தாலும், கட்டுத்துணியிலிருந்து தலையைத் தூக்காமல் "என்ன மாறியிருக்கு?" என்றுதான் கேட்டீர்கள். பழக்கத்தில் கேட்கிறீர்கள் என்று விட்டுவிட்டேன். கடைசி நாள் "வேற?" என்றும் கேட்டீர்கள். நான்தான் கோப்பிக் கடையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் மேப்பில் இரண்டையும் விட்டு வைத்தீர்கள் போலிருக்கிறது. தீவு முழுக்கத் தேடிவிட்டேன், வேறெங்கும் ஓர் இடத்தில் இரண்டு அடையாளம் இல்லை. நான் சொன்ன மரத்தை நான்தான் வந்து இல்லையென்று சொல்ல வேண்டும் என்று காத்திருந்தீர்களா? தெரியவில்லை. இனிக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் முடியாது.

இங்கே நடப்பதையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். புதுக் கட்டுப்பாட்டு அறையில் கம்ப்யூட்டர், ஏர்கண்டிஷன். பௌசியா என்று ஒரு பெண் உட்காருகிறாள், கெட்டிக்காரி. வண்டியை அனுப்பி முடித்ததும் "கவனமா வாங்கோ" என்கிறாள். எங்கே கற்றாய் என்றேன். "டிரைவர் எல்லாரும் இப்படித்தான் முடிக்கிறாங்க, நம்ம சேவையோட கோட் வார்த்தன்னு நெனச்சேன்" என்று மலாயில் சொன்னாள். நான் திருத்தவில்லை.

விழா மலர் அச்சுக்குப் போக இன்னும் பத்து நாள் இருக்கிறது. நாளைக்கு வெள்ளிக்கிழமை. கூட்டத்தில் இப்போது நாங்கள் ஐந்து பேர். முதல் கேள்விக்கு நான் முதலில் பதில் சொல்லப்போகிறேன். உங்கள் பெயரில் எழுதிய பிழையை என் பெயருக்கு மாற்றி எழுதச் சொல்வேன். தலைவர் நாற்காலியை வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்பதை அவர்கள் சொல்லட்டும். ஹம்சாவுக்கு இப்போது காது கேட்பதில்லை. அவர் வீட்டுக்குப் போய்ப் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பாலிக் புலாவ் போகிறேன். அஞ்சலையம்மா இதை அச்சில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. நேரில் சொல்ல வேண்டும். அன்று மழையில் வந்தது பெரிய காரியமில்லையம்மா, இருபது நிமிஷம் லேட்டாக வந்தோம், அதற்குக் காரணம் நான் என்று சொல்ல வேண்டும். அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. போத்தலால் அடித்தாலும் சரி. இனி அங்கே ஜாதிக்காய் வாங்க முடியாமல் போனாலும் சரி.

வரும் வழியில் அந்த இடத்தில் இறங்குவேன். தளிர் என்ன ஆனதென்று இத்தனை வருஷமாக நான் திரும்பிப் பார்த்ததில்லை. மரமாகிவிட்டதா, பிடுங்கி எறிந்துவிட்டார்களா, வீடு கட்டிவிட்டார்களா, பார்த்துவிட்டு வருகிறேன். வந்து மேப்பின் முன்னால் நின்று, நான் சொன்ன மரத்தை என் கையாலேயே அழிக்கிறேன். பார்த்ததை வரைந்து பக்கத்தில் ம போடுகிறேன். எனக்கு உங்களைப்போல வரைய வராது, கோணலாகத்தான் இருக்கும். ஆனால் உண்மையாக இருக்கும், அக்கா. சத்தியம்.

என்ன மாறியிருக்கு என்று கேட்டீர்களே. இப்போது சொல்கிறேன்.

மரம் இல்லக்கா. வெட்டிட்டாங்க. நீங்க அப்பா காரியம் முடிச்சுட்டு வேலைக்கு வந்த அன்னிக்கே நான் பார்த்தேன்.

இவ்வளவு நேரம் கழித்துத் திரும்பி வரும்,
உங்கள் தம்பி
மணியம்